டிராக்டர் ஏசியில் கூலிங் இல்லையா? கேஸ் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஏசி கேபின் வைத்த டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி, பேலரை மாட்டி, தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் வைக்கோல் கட்டும் வேலைக்கு ஓட்டுகிறேன். பேலர் ஓட்டியவர்களுக்குத் தெரியும், கேபின் இல்லாத வண்டியில் ஒரு பகல் உட்கார்ந்தால் ராத்திரி முழுக்கச் சுணை அரிக்கும். கேபின் இருந்தும் ஏசி வேலை செய்யவில்லை என்றால் அது இன்னும் மோசம். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே வெயில், கதவைத் திறந்தால் தூசு. பதினொரு மணிக்கே டிரைவர் தம்பி சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

ஒரே சீசனில் மூன்று முறை ஏசிக்குச் செலவு செய்தேன். முதல் முறை கூலிங் குறைந்தபோது வந்தவர் எதையும் பார்க்காமல் “கேஸ் கம்மி” என்று மேலே ஊற்றிவிட்டுப் போனார். உண்மையில் கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே விடும், ரேடியேட்டர் மாதிரியான பாகம்) முழுக்கக் கூளம் அடைத்திருந்தது. அடைத்த கண்டென்சரோடு கேஸும் அதிகமாகி, அழுத்தம் ஏறி, ஏற்கெனவே உரசித் தேய்ந்திருந்த ஒரு ஹோஸ் கசிய ஆரம்பித்தது. இரண்டாம் முறையும் கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்பினார்கள். மூன்று வாரத்தில் அது போய்விட, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஓடாமல் நின்றது. இன்னொருவர் வந்து, கேஸ் குறைந்தால் கம்ப்ரசரை நிறுத்தும் பிரஷர் சுவிட்சைத் தாண்டி ‘டைரக்ட்’ போட்டுவிட்டார். கேஸ் இல்லாமல் ஓடிய கம்ப்ரசர் இரண்டு நாளில் இறுகிப்போனது. 1,800 ரூபாய் ஹோஸில் முடிந்திருக்க வேண்டியது 30,000 ரூபாயைத் தாண்டியது.

அதனால் கீழே எழுதியிருப்பதை வரிசை மாறாமல் பாருங்கள். காசில்லாமல் பார்க்கக்கூடியவை முன்னால், காசு கேட்பவை பின்னால் இருக்கின்றன.

1. முதலில் காகிதமும் போட்டோவும்

ஸ்பேனரை எடுக்கும் முன் போனை எடுங்கள். நான்கு போட்டோக்கள் வேண்டும்.

பானெட்டுக்கு உள்ளேயோ கேபின் கூரைக்கு அடியிலோ ஏசி ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் போட்டிருக்கும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான ஏசி டிராக்டர்களில் ஆர்134ஏ கேஸ்தான். என் வண்டிக்கு 1.1 கிலோ. இந்த எண் தெரியாமல் யாரையும் கேஸ் நிரப்ப விடாதீர்கள். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் ஆபரேட்டர் மேனுவலில் பின்பக்கம் தேடுங்கள்.

அடுத்தது கம்ப்ரசர் லேபிள். மாடல் எண், 12 வோல்ட், எந்த ஆயில் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதோடு புல்லியில் எத்தனை வரி பள்ளம், ஹோஸ் மேலிருந்து நுழைகிறதா பின்னாலிருந்தா என்பதும் தெரிகிற மாதிரி எடுங்கள். திருச்சியிலோ சென்னை ஜி.பி. ரோட்டிலோ ஸ்பேர் கேட்டு போன் செய்தால் முதலில் இதைத்தான் கேட்பார்கள். “ஐம்பத்தஞ்சு எச்பி வண்டி கம்ப்ரசர்” என்று மட்டும் சொன்னால் வேறு ஏதோ வந்து சேரும்.

மூன்றாவது சேசிஸ் எண் தகடு. நான்காவது, பழுது வந்த அன்றைய மணி மீட்டர், அதாவது வண்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற எண்.

வண்டி வாரண்டியில் இருந்தால் இதோடு நிறுத்துங்கள். வெளியாள் ஒரு நட்டைக் கழற்றினால்கூட அதையே காரணமாகச் சொல்லி வாரண்டியை மறுக்க வழி உண்டு. தூசு துடைப்பது, ஃபில்டர் பார்ப்பது வரை நீங்கள் செய்யலாம். கேஸ் லைனைத் தொடக்கூடாது. டீலரிடம் வாயால் சொல்லிவிட்டு வராமல் ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். தேதி, மணி மீட்டர், “ஏசி கூலிங் இல்லை” என்ற புகார் மூன்றும் அதில் இருக்க வேண்டும். சர்வீஸ் கூப்பன்கள் விட்டுப்போகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏசி பாகங்களுக்கு எத்தனை மாதம் என்பதை வாரண்டிப் புத்தகத்தில் தனியாகத் தேடிப் படிக்க வேண்டும். இன்ஜினுக்கு உள்ள காலம்தான் இதற்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பழைய வண்டியாக வாங்கியிருந்தால், மிச்ச வாரண்டி உங்கள் பெயருக்கு வருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

2. “கூலிங் இல்லை” என்றால் எப்படி இல்லை?

மெக்கானிக்கிடம் சரியாகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. 250 ரூபாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, இன்ஜினை 1,500 ஆர்பிஎம்மில் வைத்து, ஏசியை முழுசாகத் திருகி, ப்ளோயரையும் முழு வேகத்தில் வைத்து, பத்து நிமிடம் கழித்துக் காற்று வரும் வாயில் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். வெளியே 34 டிகிரி என்றால் உள்ளே 10 முதல் 15 வரை வரலாம். பத்து டிகிரி வித்தியாசம்கூட வரவில்லை என்றால் கோளாறுதான்.

அப்புறம் இதைக் கவனியுங்கள். காற்றே குறைவாக வருகிறதா, காற்று நன்றாக வந்து குளிர்ச்சி இல்லையா? காலையில் நன்றாக இருந்து மதியம் படுத்துவிடுகிறதா? பதினைந்து நிமிடம் குளிர்ந்துவிட்டு நின்று, கொஞ்சம் அணைத்து வைத்தால் மறுபடி வருகிறதா? இன்ஜின் சூடு முள்ளும் சேர்ந்து ஏறுகிறதா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தைக் காட்டும். கீழே ஒவ்வொன்றாக வரும்.

3. தூசு

என் அனுபவத்தில் பேலர் வண்டியின் ஏசிப் புகார்களில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும். அதனால் இங்கே நின்று நிதானமாகப் பாருங்கள்.

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பானெட்டைத் திறங்கள். கண்டென்சர் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். சில வண்டிகளில் கூரை மேலே. முன்பக்கம் பார்த்தால் சுத்தமாகத் தெரியும், அதில் ஏமாறாதீர்கள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் பதரும் கூளமும் மெத்தை மாதிரி படிந்திருக்கும். பல வண்டிகளில் இரண்டு போல்ட்டைக் கழற்றினாலோ கொக்கியை விடுவித்தாலோ கண்டென்சர் கொஞ்சம் முன்னால் நகரும். ஹோஸைக் கழற்றத் தேவையில்லை. நகர்த்தி டார்ச் அடித்துப் பாருங்கள். நான் முதன்முதலாகப் பார்த்தபோது ஒரு கைப்பிடி வைக்கோல் தூளை விரலாலேயே வழித்தெடுத்தேன்.

காற்று அடிக்கும்போது திசை முக்கியம். இன்ஜின் ஃபேன் முன்னாலிருந்து காற்றை இழுக்கிறது, தூசும் அந்த வழியில்தான் வந்து உட்காருகிறது. ஆகவே இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஊத வேண்டும். முன்னாலிருந்து ஊதினால் தூசு இன்னும் உள்ளே போய் இறுகும். பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் பக்கத்தில் வைத்து அடிக்காதீர்கள், தகடு மடங்கிவிடும். வாட்டர் சர்வீஸ் கன் கூடவே கூடாது. ஈரத்தோடு தூசு சேர்ந்தால் சேறு. தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் காய்ந்த தூசை ஊதி எடுத்துவிட்டு, இன்ஜின் ஆறிய பிறகு, தோட்டத்து ஹோஸில் மெதுவாக விடுங்கள்.

சீசனில் காலையில் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது ஒரு தடவை ஊதுகிறோம். காலையில் கூலிங் இருந்து மதியம் போகிறது, கூடவே சூடு முள்ளும் ஏறுகிறது என்றால் அநேகமாக இந்த அடைப்புதான்.

ஊதும்போது கண்டென்சரிலோ ஹோஸ் முனையிலோ எண்ணெய்ப் பிசுக்கோடு தூசு ஒட்டியிருக்கும் இடம் தென்பட்டால் துடைக்காதீர்கள், போட்டோ எடுங்கள். கேஸோடு ஆயிலும் சேர்ந்தே சுற்றுகிறது. அது வெளியே வந்திருக்கிறது என்றால் கசிவு அங்கேதான்.

அடுத்து கேபின் ஃபில்டர். கூரை ஓரத்திலோ மட்கார்டு பக்கத்திலோ இருக்கும். காகித ஃபில்டரைக் கழுவக்கூடாது, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக ஊத வேண்டும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பெரிய தப்பு. “எடுத்துட்டா காத்து நல்லா வருதுண்ணே” என்று எங்கள் டிரைவர் தம்பி ஒரு வாரம் அப்படித்தான் ஓட்டினான். கேபின் காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயில் எப்போதும் ஈரமாக இருக்கும் இடம். அதில் வைக்கோல் தூசு போய் உட்கார்ந்து களிமண் பூசிய மாதிரி ஆகிவிட்டது. மூடியைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் விட்டு எடுக்க ஒரு பகல் போனது. காற்று குறைவாக வந்தால் முதலில் ஃபில்டர், அடுத்து இந்தக் காயில்.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். டிரெய்ன் குழாய் அடைத்திருக்கிறது. கீழ் முனையில் லேசாக ஊதினால் சரி.

பேலர் ஓட்டுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பேலர் கன்ட்ரோல் ஒயரைப் பின் கண்ணாடி வழியாக உள்ளே விட்டிருப்போம், அதனால் கண்ணாடி ஒரு விரற்கடை திறந்தே இருக்கும். அவ்வளவு போதும், சூடும் தூசும் உள்ளே வர. ஒயருக்கென்று துளை இருந்தால் ரப்பர் புஷ்ஷோடு அதில் விடுங்கள். இல்லையென்றால் இடுக்கில் ஸ்பாஞ்சு வையுங்கள்.

4. ஹீட்டர் குழாய்

நம் ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை, அதனாலேயே அது நினைவுக்கு வராது. உங்கள் கேபினில் ஹீட்டர் இருந்தால், இன்ஜினிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்களில் சுடுதண்ணீர் கேபினுக்குப் போகும். ஹீட்டர் காயிலும் கூலிங் காயிலும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். வால்வு சரியாக மூடாவிட்டால் ஒன்று குளிர வைக்க, அடுத்தது சூடாக்கும். கேஸ், கம்ப்ரசர் எல்லாம் சரியாக இருந்தும் காற்று வெதுவெதுப்பாக வரும்.

ஏசி ஓடும்போது அந்த இரண்டு குழாய்களையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் தண்ணீர் ஓடுகிறது. குழாயைக் கிளாம்ப் போட்டு நெரித்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கூலிங் கூடினால் வால்வை மாற்றினால் போதும். எனக்கும் இது கொஞ்சம் கசிந்துகொண்டுதான் இருந்தது. மூன்று மெக்கானிக்கில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

5. பெல்ட், ஃப்யூஸ், கிளட்ச்

பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பளபளவென்று வழுவழுப்பாகியிருக்கிறதா பாருங்கள். அதில் அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இன்ஜின் ஓடும்போது ஏசியைப் போட்டால் கம்ப்ரசர் முன்னால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். புல்லியின் நடுவில் உள்ள தட்டும் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். சத்தம் இல்லை, தட்டு சுற்றவில்லை என்றால் கிளட்ச் (புல்லியைக் கம்ப்ரசரோடு இணைக்கும் பாகம்) பிடிக்கவில்லை. தள்ளி நின்று பாருங்கள். துண்டு, வேட்டி நுனி பெல்ட் பக்கம் போகக்கூடாது.

முதலில் ஃப்யூஸ். பிறகு ரிலே: பக்கத்தில் அதே மாதிரி ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிறகு ஒயர். களத்தில் நிற்கும் வண்டியில் எலி கடிக்காத ஒயர் கிடையாது. கேபினுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒயர் கட்டு போகும் இடத்தை நன்றாகத் தேடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் கிளட்ச் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் பிடிக்கவில்லை என்றால் கிளட்ச் காயில் போயிருக்கும், அல்லது இடைவெளி கூடியிருக்கும். காயிலின் ஓம் அளவு 3 முதல் 4 வரை காட்டும். அளவே காட்டாவிட்டால் காயில் எரிந்துவிட்டது. பரவலாக வரும் சாண்டன் வகைக் கம்ப்ரசர்களில் தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். தேய்ந்து இடைவெளி கூடினால், சூடான மதியத்தில் பிடிக்காமல் விடும். உள்ளே இருக்கும் வாஷர் ஒன்றை எடுத்தால் சரியாகும். இதற்குக் கம்ப்ரசரையே மாற்றச் சொல்பவர்களும் உண்டு.

கிளட்சுக்கு 12 வோல்ட் வரவில்லை என்றால் பிரஷர் சுவிட்ச் தடுத்திருக்கலாம். கேஸ் குறைந்தால் கம்ப்ரசரைக் காப்பாற்றவும், அழுத்தம் எல்லை மீறினால் ஹோஸ் வெடிக்காமல் இருக்கவும் வைத்த காவல்காரன் அது. அதைத் தாண்டி ‘டைரக்ட்’ போட யார் சொன்னாலும் விடாதீர்கள். கம்ப்ரசருக்குத் தனியாக ஆயில் பம்ப் கிடையாது, கேஸ்தான் ஆயிலைச் சுமந்துவந்து சேர்க்கிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் ஆயில் இல்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். என் கம்ப்ரசர் செத்தது இப்படித்தான்.

6. கேஜ் போட்டுப் படிப்பது

இது வரைக்கும் சரி என்றால், கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜ் போட வேண்டும். நீங்களே வாங்குவதைவிட, கார் ஏசி மெக்கானிக்கை வரவழைப்பது நல்லது. ஆனால் முள் என்ன சொல்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் ‘கேஸ் கம்மி’ என்ற பேச்சு நிற்கும். நீல முள் தாழ் அழுத்தம், சிவப்பு முள் உயர் அழுத்தம்.

வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும். ஆர்134ஏ கேஸுக்கு 30 டிகிரி வெப்பத்தில் கிட்டத்தட்ட 97 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு), 35 டிகிரியில் 114 அளவு. முள் 40, 50 என்று நின்றால் உள்ளே ஏறக்குறைய ஒன்றுமில்லை, கசிவு நிச்சயம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: 97 காட்டினால் “ஃபுல்லா இருக்கு” என்பார்கள். அப்படி இல்லை. சமையல் கேஸ் சிலிண்டரில் கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும் வரை அழுத்தம் குறையாத மாதிரிதான் இதுவும். 300 கிராம் இருந்தாலும் ஒரு கிலோ இருந்தாலும் ஆறிய வண்டியில் ஒரே எண்தான் வரும்.

பிறகு இன்ஜினை 1,500 ஆர்பிஎம்மில் ஓட்டி, ஏசி, ப்ளோயர் முழுசாக வைத்து, கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். வெளியே 33, 35 டிகிரி இருக்கும் நாளில் நீலம் 25 முதல் 40 வரை, சிவப்பு 180 முதல் 250 வரை இருந்தால் நல்லது.

இரண்டும் இறங்கியிருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கண்டென்சரில் காற்று போகவில்லை, அல்லது கேஸ் அதிகம், அல்லது உள்ளே வெறும் காற்று புகுந்திருக்கிறது. என் முதல் பழுது இந்த வகை. அன்றைக்குக் கேஜ் போட்டிருந்தால் இரண்டு முள்ளும் மேலே நிற்பது தெரிந்திருக்கும், மேலும் கேஸ் ஊற்றியிருக்க மாட்டார்கள். நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. நீலம் பூஜ்யத்துக்கும் கீழே போனால் எக்ஸ்பான்ஷன் வால்வு (கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் சின்ன வாய்) அல்லது டிரையர் (கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டப்பா) அடைப்பு. கொஞ்ச நேரம் குளிர்ந்து, நின்று, அணைத்து வைத்தால் திரும்ப வருவது இந்த வகைதான்: உள்ளே புகுந்த ஈரம் வால்வு வாயில் பனியாக உறைந்து அடைக்கிறது, ஆறினால் உருகி வழிவிடுகிறது. கூலிங் காயிலே உறைந்தாலும் இதே மாதிரி இருக்கும், ஆனால் அப்போது காற்றின் வேகமும் குறையும். அதற்குத் தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும்.

இரண்டு முள்ளும் சரியான இடத்தில் நின்றும் கூலிங் இல்லையா? 3, 4 எண்களுக்குத் திரும்பிப் போங்கள்.

7. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் நிரப்பாதீர்கள்

கேஸ் எரிந்து தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்திருக்கிறது என்றால் ஏதோ வழியில் வெளியே போயிருக்கிறது.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடத்தில் சோப்பு நுரை போட்டுப் பாருங்கள். கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல், ஹோஸ் முனைகள், சார்ஜிங் வால்வின் பின், பானெட் கீலிலோ பிராக்கெட்டிலோ ஹோஸ் உரசும் இடம் ஆகியவை பொதுவாகக் கசியும். என்னுடையது கடைசியாகச் சொன்னது.

கேஸே இல்லாத வண்டியில் நைட்ரஜன் விட்டுப் பார்ப்பதுதான் சரியான முறை. ரெகுலேட்டரோடு 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, நுரை போட்டுத் தேடி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுக் காலையில் முள்ளைப் பார்க்க வேண்டும். நைட்ரஜன் இல்லை என்று வெல்டிங் பட்டறை ஆக்சிஜனை யாராவது கொண்டுவந்தால் அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள். ஆயிலோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். பஞ்சர் கடைக் காற்றும் வேண்டாம், ஈரத்தை உள்ளே ஏற்றிவிடும்.

ஹோஸ் மாற்றும்போது கவனம். ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் “அதுலயே நானூறு பவுண்டு தாங்கும்” என்று சாதா ஹோஸை அடித்துக் கொடுப்பார்கள். அழுத்தம் தாங்கும், ஆனால் ரப்பர் வழியாகவே கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். ஏசிக்கென்றே உள்தடுப்பு வைத்த ஹோஸ் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஓ-ரிங்கும் ஆர்134ஏ கேஸுக்கானது வேண்டும். பழையதைத் திரும்பப் போடக்கூடாது.

8. கேஸ் நிரப்பும் அன்று பக்கத்திலேயே நில்லுங்கள்

லைனுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க மெக்கானிக் வேக்கம் பம்ப் கொண்டுவருவார், அதற்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். வண்டியை வயலில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடாதீர்கள். வீட்டு வாசலில், பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மதியத்துக்குள் முடியும்.

லைனைத் திறந்து வேலை செய்திருந்தால் டிரையர் புதிது போட வேண்டும். 900 ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று பழையதை விட்டால் அதிலுள்ள ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் வந்து நிற்கும். வேக்கம் 30 முதல் 45 நிமிடம் ஓட வேண்டும், நீல முள் பூஜ்யத்துக்குக் கீழே 29 அங்குலம் (வேக்கத்தின் அளவு) பக்கம் போக வேண்டும். பம்பை அணைத்து, வால்வை மூடி, இருபது நிமிடம் காத்திருங்கள். முள் நகர்ந்தால் இன்னும் கசிகிறது. பத்து நிமிடத்தில் வேக்கம் முடிந்தது என்று சொல்பவரிடம், டீ சொல்லி உட்கார வைத்துவிட்டுப் பம்பை ஓட விடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். சிறிய டின் 450 கிராம். என் வண்டிக்கு 1.1 கிலோ என்றால் இரண்டு டின்னும், மூன்றாவதில் 200 கிராமும். “மூணு டின் போட்டுட்டேன்” என்றால் 250 கிராம் அதிகம். வீட்டில் எலெக்ட்ரானிக் தராசு இருந்தால் எடுத்து வையுங்கள், மெக்கானிக் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் மேலே ஊற்றுவதில் அர்த்தம் இல்லை. இருப்பதை மெஷினில் மீட்டு எடுத்துவிட்டு முதலிலிருந்து நிரப்பச் சொல்லுங்கள்.

இன்ஜின் ஓடும்போது டின் மாட்டிய கேஜில் சிவப்பு வால்வைத் திறக்கவே கூடாது. உயர் அழுத்தம் டின்னுக்குள் போனால் அது வெடிக்கும். கேஸ் திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். இந்தக் கேஸ் நெருப்பில் பட்டால் விஷப் புகையாகும்.

வீட்டு ஏசி மெக்கானிக் ஆர்22 கேஸ் வைத்திருப்பார். “எல்லாம் கேஸ்தான்” என்பார். அழுத்தமும் வேறு, ஆயிலும் வேறு, ஒத்துவராது. சமையல் கேஸ் மாதிரி எரியும் கலவைகளை விலை குறைவு என்று நிரப்புவதும் நடக்கிறது. மூடிய கேபினுக்குள் அது கசிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சீல் உடைக்காத டின்னை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

9. என்ன செலவாகும்

எனக்கு ஆனதை அப்படியே தருகிறேன். ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும்.

முதல் கேஸ் 2,200 ரூபாய், இரண்டாவது 2,500. இரண்டும் வீண். கம்ப்ரசர் இறுகிய பிறகு புதுக் கம்ப்ரசர் 16,500, டிரையர் 900, எக்ஸ்பான்ஷன் வால்வு 1,400, லைன் ஃப்ளஷ்ஷும் ஆயிலும் 1,800, கேஸ் 2,600, கூலி 3,500. ஹோஸ் 1,800. மொத்தம் 33,200 ரூபாய். வண்டி நின்ற ஆறு நாள் வாடகை தனி.

கம்ப்ரசர் இறுகினால் இரும்புத் தூள் லைன் முழுக்கப் பரவும். ஃப்ளஷ் செய்யாமல் புதுக் கம்ப்ரசர் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும். இதைச் சொல்லாமல் குறைந்த விலை சொல்லும் கடையை நம்ப வேண்டாம். சென்னை புதுப்பேட்டையில் பழைய கம்ப்ரசர் பாதி விலைக்குக் கிடைக்கலாம். வாங்கினால் கையால் ஷாஃப்டைச் சுற்றிப் பார்த்து, வாயில் ஆயில் கறுப்பாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் அந்த வழிக்குப் போகவில்லை.

எதற்கும் பில் வாங்குங்கள். பில்லில் வண்டி எண், மணி மீட்டர், போட்ட பாகத்தின் எண், ஏற்றிய கேஸ் எத்தனை கிராம், எத்தனை நாள் பொறுப்பு என்று எழுத வைக்க வேண்டும். என் முதல் இரண்டு செலவுக்கும் துண்டுச் சீட்டுகூட இல்லை, அதனால் கேட்க வாயே இல்லாமல் போயிற்று. பில் இருந்து கடை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வண்டியை வாடகைக்கு ஓட்டுபவர்களிடம் ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழிலாக ஓட்டுகிறேன் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

10. எப்போது செய்வது

சம்பா அறுப்பு தை, மாசியில் வந்தால் நமக்கு அப்போதே சீசன். அதனால் ஏசி வேலையைக் கார்த்திகை, மார்கழியிலேயே முடித்துவிடுங்கள். அப்போது கார் ஏசிக் கடைகளில் கூட்டம் இருக்காது, மெக்கானிக் வீட்டுக்கு வருவார், கூலியும் பேசி முடிக்கலாம். சித்திரையில் கூப்பிட்டால் ஊரிலுள்ள எல்லாக் காரும் அவர் வாசலில் நிற்கும், உங்கள் டிராக்டருக்கு அடுத்த வாரம் என்பார். ஸ்பேர் பார்சலில் வர இரண்டு மூன்று நாள், கசிவுச் சோதனைக்கு ஒரு ராத்திரி, நிரப்ப அரை நாள் என்று கணக்கு வைத்தால் ஒரு வாரம் வேண்டும்.

சீசன் இல்லாத மாதங்களில் வண்டி சும்மா நின்றாலும், வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஏசியைப் போட்டு ஓட்டுங்கள். ஆயில் சுற்றாமல் ஷாஃப்ட் சீல் காய்ந்தால் கேஸ் அந்த வழியாகவே போகும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இது பையனின் வேலை. தெர்மாமீட்டர் எண்ணையும் அவனே காலண்டரில் குறித்துவைக்கிறான். போன வாரம் 12.